பழைய டிவி மூடியைப் படிக்கும் கண்காணா வெளிச்சம்... தெரியுமா?

பரணில் பழைய டியூப் டிவி ஏதாவது தூங்குகிறதா? அதன் பின்மூடி மூன்று கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முந்நூறு கிராமுக்கு மேல் இருப்பது பிளாஸ்டிக்கே இல்லையாம், தெரியுமா? வெறும் வெள்ளைப் பொடி! சென்ற நூற்றாண்டின் கடைசியில் வந்த பல டிவி மூடிகளில், எடையில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் டெகா பிடிஇ என்ற தீத்தடுப்பான்தான். கூடவே ஆன்டிமனி ட்ரைஆக்சைடு என்ற இன்னொரு பொடியும் நாலு சதவீதம். டெகா பிடிஇயின் மூலக்கூறு ஒன்றில் பத்து புரோமின் அணுக்கள். அதன் எடையில் 83 சதவீதம் புரோமின் மட்டுமே. உப்பளத்துக் கழிவுநீரில் 1826இல் பிரெஞ்சுக்காரர் பலார் கண்டுபிடித்த அதே புரோமின், வரவேற்பறையில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது!

இந்தப் பொடி அங்கே எதற்கு? பிளாஸ்டிக் என்பது பெட்ரோலின் உறவுக்காரன். டியூப் டிவிக்குள்ளோ ஆயிரக்கணக்கான வோல்ட். ஒரு பொறி பறந்தால் போதும். சுடருக்குள் ஹைட்ரஜன் அணுக்களும் ஹைட்ராக்சில் துண்டுகளும் ஓயாமல் பிறந்து, ஒன்று இன்னொன்றைக் கொளுத்திக்கொண்டே போகின்றன. சூடு ஏறியதும் தீத்தடுப்பானிலிருந்து புரோமின் கழன்று, ஹைட்ரஜன் புரோமைடாகி, சுடருக்குள் புகுந்து அந்தத் துண்டுகளைக் கவ்விப் பிடித்துவிடுகிறது. சங்கிலி அறுகிறது, சுடர் அணைகிறது. அந்த ஆன்டிமனி இருக்கிறதே, தனியாகப் போட்டால் அது பெரிதாக எதையும் அணைக்காது! புரோமினோடு சேர்ந்தால்தான் ஆன்டிமனி புரோமைடு ஆவியாகிச் சுடருக்குள் பாய்கிறது. தனியே சும்மா, சேர்ந்தால் சூரன்.

தீத்தடுப்பு ஏதோ நவீன சமாச்சாரம் என்றா நினைத்தீர்கள்? இங்கிலாந்தில் ஒபதையா வைல்ட் என்பவர் படிகாரம், வெங்காரம் இதெல்லாம் கலந்து துணி எரியாமலிருக்கக் காப்புரிமை வாங்கியது 1735இல்! பாரிஸ் நாடக அரங்குகளின் திரைகள் அடிக்கடி பற்றி எரிந்ததால், பதினெட்டாம் லூயி மன்னருக்காக விஞ்ஞானி கே-லுசாக் 1821இல் அம்மோனியம் பாஸ்பேட்டையும் வெங்காரத்தையும் கலந்து பார்த்தார். இன்றைக்கும் பாஸ்பேட்தான் தீத்தடுப்பான்களில் ஒரு பெரிய குடும்பம்.

சரி, கறுப்பு மூடிக்குள் கலந்துவிட்ட பொடியை எப்படிக் கண்டுபிடிப்பது? முகர்ந்தால் தெரியாது, தொட்டால் தெரியாது. ஆனால் நம் கண்ணுக்கே தெரியாத ஒரு வெளிச்சம் அதைக் கண்டுகொள்கிறது! வில்லியம் ஹெர்ஷல் 1800இல் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, நிறத்துக்கு நிறம் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்புக்கும் அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியில்தான் சூடு அதிகம் ஏறியது. அதுதான் அகச்சிவப்பு. யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தாரே, அதே ஹெர்ஷல்தான்.

மூலக்கூறுகள் சும்மாவே இருப்பதில்லை என்பது தெரியுமா? பிளாஸ்டிக்கில் உள்ள கார்பனும் ஹைட்ரஜனும் நொடிக்கு சுமார் 87 லட்சம் கோடி முறை இழுபட்டுச் சுருங்குகின்றன. இப்போது நீங்கள் கையில் பிடித்திருக்கும் பேனாவிலும்தான்! அகச்சிவப்பு ஒளியின் துடிப்பும் கிட்டத்தட்ட அதே வேகம். வேகம் பொருந்துகிற இடத்தில் மூலக்கூறு அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. எந்தெந்த இடத்தில் ஒளி குறைந்தது என்று வரைந்தால் அதுவே அந்தப் பொருளின் நிறமாலை. இடங்களைக் குறிக்க ஆய்வுக்கூடங்களில் அலையெண் என்ற கணக்கு வைத்திருக்கிறார்கள். வழக்கமாக 4000இல் தொடங்கி 400இல் முடியும். வீணையில் தடித்த தந்தி தாழ்ந்த சுருதியில் பேசுவதுபோல, கனத்த புரோமின் மாட்டிய பிணைப்பு கீழே 500, 600, 700 பக்கம் மெதுவாக ஆடும். லேசான ஹைட்ரஜன் மாட்டியது 3000க்குப் பக்கத்தில் துள்ளும்.

அமெரிக்காவின் வில்லியம் கோப்லன்ட்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்களின் அகச்சிவப்பு நிறமாலைகளை ஒவ்வொரு புள்ளியாகக் கையால் அளந்து 1905இல் வெளியிட்டார். இன்றைய கருவிக்கு அரை நிமிடம் போதும். இந்த வேகத்துக்குப் பின்னால் இருப்பது என்ன தெரியுமா? ஈதர் என்ற ஒன்று உண்டா என்று தேடி 1887இல் மைக்கேல்சனும் மார்லியும் தோற்றார்களே, அந்தப் பரிசோதனையின் கண்ணாடி அமைப்பு! ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு கண்ணாடியை நகர்த்தி, மறுபடி சேர்ப்பது. அதில் வரும் சிக்கலான அலையைக் கணினி பிரித்துப் படிக்க உதவும் கணித உத்தி 1965இல் கூலி, டூக்கி இருவரால் பிரபலமானது. சோவியத் அணுகுண்டுச் சோதனைகளை நில அதிர்விலிருந்தே கண்டறிய வேண்டும் என்ற தவிப்பும் அந்த உத்தி பிறந்ததற்கு ஒரு காரணம். ஈதரும் அணுகுண்டும் போய்ச் சேர்ந்த இடம், காயலான்கடை பிளாஸ்டிக்! விஞ்ஞான வரலாற்றில் இப்படிப்பட்ட திருப்பங்களைப் பார்த்தால் எனக்கு அலுப்பதே இல்லை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அந்தக் கருவிக்குள் ஒளியைப் பிரிக்கும் சில்லு பெரும்பாலும் எதனால் ஆனது? பொட்டாசியம் புரோமைடு! சாதாரணக் கண்ணாடி அகச்சிவப்பை விழுங்கிவிடும். இந்த உப்பு தாராளமாக வழிவிடும். புரோமினைத் தேடப் போகும் கருவியின் நெஞ்சுக்குள்ளேயே புரோமின். ஈரம் பட்டால் இந்த உப்புச் சில்லு மங்கிப்போகும், அதனால் கருவியை எப்போதும் உலர்வாகவே வைத்திருக்க வேண்டும். அளக்கும்போது பக்கத்தில் நின்று நீங்கள் மூச்சு விட்டால், அந்தக் கரியமில வாயுகூட 2350க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் நைட்ரஜனும், நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனும் அகச்சிவப்புக்குத் தெரியவே தெரியாது. இரு பக்கமும் ஒரே அணு, அதனால் ஆடினாலும் மின்சமநிலை மாறுவதில்லை, ஒளி கண்டுகொள்வதில்லை.

இனி அந்த மூடி. ஒரு காலத்தில் பிளாஸ்டிக்கைத் தாளைவிட மெல்லிய படலமாக்கினால்தான் ஒளி ஊடுருவும். கறுப்புக்குக் காரணமான கரித்தூளோ ஒளியை அப்படியே குடித்துவிடும். தப்பிக்க வழி வந்தது 1960 வாக்கில். ஹாரிக், ஃபாரன்ஃபோர்ட் என்ற இருவர் தனித்தனியே யோசித்தது. இன்று அதற்கு உதவுவது ஒரு சின்ன வைரம். ஆமாம், வைரமேதான்! ஒளி அதற்குள் முழுவதுமாக எதிரொளித்துத் திரும்புகிறது; ஆனாலும் திரும்பும் இடத்தில் ஒரு துளி வெளியே எட்டிப் பார்க்கிறது. எவ்வளவு தூரம்? ஒன்றிரண்டு மைக்ரான்! தலைமுடியின் தடிமனைவிடப் பல பத்து மடங்கு குறைவு. வைரத்தின் மேல் பிளாஸ்டிக் சில்லை வைத்து ஒரு திருகால் அழுத்தினால் வேலை முடிந்தது. ஒளி அவ்வளவு மேலோட்டமாகத் தொடுவதால், மூடியில் பெயின்ட் இருந்தால் பெயின்ட்டைத்தான் அது படிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிசுக்கை. அனுபவசாலிகள் முதலில் கத்தியால் சுரண்டிப் புதுப் பரப்பை எடுப்பது இதனால்தான்.

வரைபடம் வந்ததும் பிளாஸ்டிக் தன் பெயரை முதலில் சொல்லிவிடும். 2237இல் ஒரு சின்ன முகடு எழுந்தால் ஏபிஎஸ். வேறு எதுவும் அந்த இடத்துக்கு அவ்வளவு எளிதில் வராது. 1770 பக்கம் பெரிதாக எழுந்தால் பாலிகார்பனேட். அதன் பிறகு தேடுவது விருந்தாளிகளை. டெகா பிடிஇ 1350க்கு அருகே பளிச்சென்று நிற்கும். இதில் ஒரு தந்திரம் உண்டு. புரோமின் பிணைப்பின் சொந்த ஆட்டம் கருவியின் கீழ்க்கோடியில், கூட்ட நெரிசலில் கிடப்பதால், அதைத் தேடி மெனக்கெடுவதில்லை. புரோமின் மாட்டியதால் சுருதி மாறிப்போன பென்சீன் வளையத்தையே அடையாளமாகப் பிடிக்கிறார்கள். மெலமின் குடும்பமா? 813க்குப் பக்கத்தில் ஒரு கூரிய முகடு. மெக்னீசியம் ஹைட்ராக்சைடா? 3700க்குச் சற்று கீழே கத்தி முனை போல ஒற்றை முகடு. அலுமினியம் ஹைட்ராக்சைடா? 3400க்கும் 3620க்கும் இடையே மூன்று நான்கு முகடுகள் வரிசையாக. ஆன்டிமனி ட்ரைஆக்சைடு மட்டும் விஷமக்காரன். 740 பக்கம் வரும், ஆனால் டிவி மூடியில் உள்ள பாலிஸ்டைரினின் சொந்த முகடும் அதே தெருவில்தான் குடியிருக்கிறது!

அந்த அலுமினியம் ஹைட்ராக்சைடு இருக்கிறதே, அது எப்படித் தீயை அணைக்கிறது தெரியுமா? தண்ணீர் ஊற்றி! நூறு கிராம் பொடிக்குள் கிட்டத்தட்ட 35 கிராம் தண்ணீர் ரசாயனமாகக் கட்டுண்டு கிடக்கிறது. 200 பாகைக்கு மேல் சூடு ஏறினால் நீராவியாக அவிழ்ந்து சுடரைக் குளிர்விக்கிறது. புகையில்லாத மின்கம்பி உறைகளில் இதுவே பாதிக்கு மேல். கம்பி உறை என்று நாம் நினைப்பது, உண்மையில் பிளாஸ்டிக் தடவிய கல்.

அகச்சிவப்பு தோற்கும் இடமும் ஒன்று உண்டு. தீப்பெட்டியின் பக்கவாட்டில் குச்சியை உரசுகிறோமே, அந்தப் பட்டையில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். சிவகாசிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தீயை மூட்டும் அதே சிவப்புப் பாஸ்பரஸ், நைலான் பாகங்களில் தீத்தடுப்பான் வேலை பார்க்கிறது, தெரியுமா! எரியும்போது மேற்பரப்பைக் கரியாக்கி மூடிவிடும். ஆனால் அது வெறும் பாஸ்பரஸ் அணுக்களின் கூட்டம். ஒளிக்குப் பிடிகொடுக்க எதுவும் பெரிதாக இல்லை. அகச்சிவப்பு அதைத் தாண்டிப் போய்விடும்.

சேர்த்திருக்கும் தீத்தடுப்பான் சோப்ளாங்கியா, சூரனா என்று எப்படித் தெரியும்? சோதனைச்சாலையில் பிளாஸ்டிக் பட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடியில் பத்து நொடி சுடர் காட்டுவார்கள். மறுபடி ஒருமுறை. சுடரை எடுத்த பத்து நொடிக்குள் அணைந்து, சொட்டும் துளி கீழே வைத்த பஞ்சைப் பற்றவைக்காவிட்டால் வி-0 என்ற முதல் வகுப்பு.

எல்லாம் சரி, இந்தப் பொடியை ஏன் தேட வேண்டும்? நல்லதுதானே செய்கிறது? மிச்சிகன் கதையைக் கேளுங்கள், மயிர்க்கூச்செறியும். 1973இல் அங்கே ஒரே ரசாயன நிறுவனம் இரண்டு பொருள்கள் விற்றது. ஒன்று நியூட்ரிமாஸ்டர், மாட்டுத் தீவனத்தில் கலக்கும் மெக்னீசியம் ஆக்சைடு. இன்னொன்று ஃபயர்மாஸ்டர், பிபிபி என்ற புரோமின் தீத்தடுப்பான். பெயர்கள் நெருக்கம், மூட்டைகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. தவறிப்போய் ஃபயர்மாஸ்டர் தீவன ஆலைக்குப் போய்விட்டது! மாடுகள் பால் வற்றி, மெலிந்து, கன்றுகளை இழந்தன. என்ன நோய் என்று எவருக்கும் விளங்கவில்லை. ரசாயனப் பொறியியல் படித்திருந்த ஒரு பால்பண்ணைக்காரர் விடாப்பிடியாகத் தீவனத்தை ஆய்வகம் ஆய்வகமாக அனுப்பித்தான் 1974இல் குற்றவாளி பிடிபட்டது. அதற்குள் பாலிலும் இறைச்சியிலும் முட்டையிலும் மாநிலமே அதைச் சாப்பிட்டிருந்தது. சுமார் 30,000 மாடுகளும் 15 லட்சம் கோழிகளும் அழிக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்தில் அந்தப் பொருளைப் பல பத்தாண்டுகள் கழித்தும் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்துவந்தார்கள். கொழுப்பில் தங்கிவிட்டால் எளிதில் கிளம்பாத ஜாதி அது.

ஸ்வீடனில் 1972 முதல் 1997 வரை சேமித்து வைத்திருந்த தாய்ப்பாலை ஆராய்ந்தபோது, நம் டெகாவின் குடும்பமான பிபிடிஇகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகி வந்தது தெரிந்தது. குழந்தைகளின் இரவு உடையில் தடவிய ட்ரிஸ் என்ற புரோமின் பொருளை அமெரிக்கா 1977இல் தடை செய்தது. பிறகு ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டது: பென்டா, ஆக்டா வகைகள் 2009இல், தெர்மாகோலில் போட்ட எச்பிசிடி 2013இல், நம் டிவி மூடியின் டெகா 2017இல்.

இங்கேதான் என் மனசுக்குப் பிடித்த முரண். ஐரோப்பாவில் 2006 ஜூலை முதலும், இந்தியாவில் மின்கழிவு விதிகள் வழியாக 2014 முதலும், புதிய மின்சாதனங்களில் பிபிபி, பிபிடிஇ ஒவ்வொன்றும் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது. அகச்சிவப்பு நம்பிக்கையாகப் பார்ப்பதோ சுமார் ஒரு சதவீதம் வரைதான்! சட்டம் கேட்கும் அளவைவிடப் பத்து மடங்கு கண்ணெட்டாத தூரம். ஆனால் தீத்தடுப்பானைத் தெரிந்தே போட்டவர் 0.1 போடமாட்டார், அவ்வளவு கொஞ்சம் போட்டால் தீ நிற்காது. ஐந்து, பத்து, இருபது என்றுதான் போடுவார். வேண்டுமென்றே போட்டதை அகச்சிவப்பு பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும். பழைய மூடியை அரைத்துப் புதுப் பொருளில் கலந்ததால் ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்க்காது.

அந்த வேலைக்குத் துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கருவி வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் வைத்து விசையை அழுத்தினால், கிலோவுக்குச் சில மில்லிகிராம் புரோமினைக்கூடச் சொல்லிவிடும். ஆனால் புரோமின் என்று மட்டுமே சொல்லும், எந்த மூலக்கூறில் என்று சொல்லாது. தடை செய்யப்பட்ட டெகாவா, அனுமதிக்கப்பட்ட வேறொன்றா? அதற்குத் தெரியாது. ஒன்றுக்கு அளவு தெரியும், பெயர் தெரியாது. மற்றொன்றுக்குப் பெயர் தெரியும், துளி தெரியாது. சேர்த்து வைத்தால்தான் துப்பு துலங்கும். வழக்கு என்று வந்தால் இரண்டுமே சாட்சிக் கூண்டில் ஏற முடியாது. பிளாஸ்டிக்கைக் கரைத்துப் பிரித்தெடுத்து, கேஸ் குரோமட்டோகிராபியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியும் சேர்ந்த கருவியில் மூலக்கூறு மூலக்கூறாக எடை போட்டால்தான் தீர்ப்பு. அகச்சிவப்பை நீதிபதியாக்கும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அது சுறுசுறுப்பான துப்பறிவாளர், அவ்வளவே. அந்த வேலையில் அதை மிஞ்ச ஆளில்லை.

மின்கழிவு ஆலைகளில் பிளாஸ்டிக்கை உப்புத் தண்ணீரில் போட்டே பிரிக்கிறார்கள், தெரியுமா? நீரின் அடர்த்தியை 1.1க்குக் கொஞ்சம் ஏற்றிவைத்தால், சாதாரண ஏபிஎஸ்ஸும் பாலிஸ்டைரினும் மிதக்கும். புரோமின் கனத்தவை முங்கும். அழகான யோசனை! ஆனால் பாலிகார்பனேட்டும் முங்கும், பிவிசியும் முங்கும், டால்க் தூள் கலந்ததும் முங்கும். முங்கியதில் யார் யார் என்று கேட்க மறுபடி அகச்சிவப்பிடம்தான் போக வேண்டும். ஓடும் பெல்ட்டில் வழக்கமாகப் பிரிக்கும் கருவிகள் அண்மை அகச்சிவப்பில் பார்ப்பவை. கறுப்பு பிளாஸ்டிக் முன்னே வந்தால் அவற்றுக்கு இருட்டு. கொஞ்சம் நீண்ட அலைகளில், மூன்றிலிருந்து ஐந்து மைக்ரானுக்குள், பார்க்கும் கேமராக்கள்தான் கறுப்பையும் பிரித்தறிகின்றன.

கறுப்புக் கரண்டிப் புயல் நினைவிருக்கிறதா? 2024இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு, சமையலறைக் கரண்டி உள்ளிட்ட கறுப்பு பிளாஸ்டிக் பொருள்களில் தீத்தடுப்பான்களைக் கண்டு சொன்னது. பயந்துபோய் கரண்டிகளைக் குப்பையில் எறிந்தவர்கள் எத்தனையோ பேர். அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 7,000 நானோகிராம் என்ற வரம்பை 60 கிலோவால் பெருக்கும்போது 42,000 என்று போட்டிருந்தார்கள். சரியான விடை 4,20,000! மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஜோ ஷ்வார்ச் சுட்டிக்காட்ட, ஆய்விதழ் திருத்தம் போட்டது. கரண்டிகளிலிருந்து உடலுக்குள் போகும் என்று கணித்த 34,700 நானோகிராம் வரம்பை எட்டிப்பிடிக்கப் போகிறது என்ற பயம், ஒரு பூஜ்யத்தில் கரைந்தது. ஆனால் கரண்டியில் தீத்தடுப்பான் இருந்தது பொய்யில்லை. கரண்டிக்கு எதற்குத் தீத்தடுப்பான்? யாரும் போடவில்லை, பழைய மின்கழிவு வழியாக வந்து சேர்ந்தது. பெரும்பாலும் சின்ன அளவு, அகச்சிவப்பால் பார்க்க முடியாத அளவு. ஆராய்ந்தவர்கள் முதலில் எடுத்தது எக்ஸ்ரே துப்பாக்கியைத்தான்.

திருச்சியில் 1888இல் பிறந்து, 1928இல் கல்கத்தாவில் ராமன் விளைவைக் கண்ட சி.வி. ராமனும் இந்தக் கதையில் இருக்கிறார், தெரியுமா? அகச்சிவப்பு பார்க்கத் தவறும் சமச்சீரான ஆட்டங்களை ராமன் ஒளிச்சிதறல் பளிச்சென்று காட்டும். புரோமின் தீத்தடுப்பான்களை ராமன் கருவியாலும் தேடுகிறார்கள். கறுப்பு பிளாஸ்டிக் என்றால் மட்டும் சங்கடம்: லேசர் பட்ட இடம் சூடாகிக் கருகிவிடும்!

இதோ, வாயைப் பிளக்க வைக்கும் இன்னொன்று. பிபிடிஇயின் நெருங்கிய உறவினர்களை மனிதன் செய்வதற்கு முன்பே கடல் செய்துகொண்டிருந்தது! டிசிடியா என்ற கடற்பஞ்சுகளுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் கடல்நீரின் புரோமினை எடுத்து இவற்றைத் தயாரிக்கின்றன. குவாம் தீவுப் பஞ்சுகளை ஆராய்ந்து, அதற்கான மரபணுக்களையே 2017இல் கண்டெடுத்தார்கள்.

இப்போது உங்கள் லேப்டாப்பைப் புரட்டுங்கள். அடியிலோ பேட்டரிக் குழிக்குள்ளோ 'பிசி+ஏபிஎஸ்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 'எஃப்ஆர்(40)' என்று அச்சிட்டிருக்கலாம். அது ஐஎஸ்ஓ குறியீடு. 40 என்றால் புரோமினும் குளோரினும் இல்லாத கரிமப் பாஸ்பரஸ் தீத்தடுப்பான். 17 என்றால் ஆன்டிமனியோடு சேர்ந்த புரோமின் வகை. 52 என்றால் சிவப்புப் பாஸ்பரஸ். அச்சிட்டதை அப்படியே நம்ப வேண்டுமா? ஒரு சின்னச் சுரண்டல் போதும். 1770இல் பாலிகார்பனேட்டும் 2237இல் ஏபிஎஸ்ஸும் கைதூக்கிய பிறகு, 960க்குப் பக்கத்தில் பாஸ்பேட்டின் முகடு எழுந்தால், அச்சிட்டவர் சொன்னது உண்மை. அங்கே ஒன்றும் எழாமல் 1350இல் ஏதாவது தலை நீட்டினால், அடுத்து எக்ஸ்ரே துப்பாக்கியை எடுக்க வேண்டியதுதான்.